மலைக்குப் போகும் செலவு

மலைக்குப் போய் வர என்ன செலவாகும் என்று கணக்குப் போடச் சொன்னார் சலவைக்கடைக்காரர். மனைவி போட்டாள். ஒன்றுக்கு இரண்டாக ஏற்றித்தான் போட்டாள்.

"பஸ்ஸுக்கே இவ்வளவா?"

"சீசனுங்க. எல்லாமே ரெண்டு மடங்கு. அப்புறம் ஸ்வெட்டர் வாங்கணும். உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"அது எதுக்கு? வெளுக்கப் போட்டவங்க திரும்ப வந்து வாங்காத ஸ்வெட்டர் ரெண்டு மேல் தட்டுல கிடக்கே. வருஷக்கணக்கா தூங்குது."

"அடுத்தவங்க துணியையா மாட்டிக்கிறது?"

"நான் வெளுத்த துணிதானே!"

சட்டைக் காலரில் இஸ்திரிப்பெட்டியை ஓட்டியபடியே அவர் சொன்னார். சொந்த மச்சானின் சட்டைக்கே தேய்ப்புக்கூலி கேட்டு வாங்கியவர் என்று அந்தத் தெரு அவரைக் கேலி பேசுவதுண்டு. காய்ச்சலோடும் கடை திறக்கிற மனிதர். அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று மலை பார்க்கும் ஆசை வந்ததுதான் அவளை உஷாராக்கியது.

அந்த மலை ஊரில், ஒரு பெரிய ஹோட்டலில் அவர்கள் மகள் வேலை பார்க்கிறாள். "என் பொண்ணு ரிசப்ஷன்ல இருக்கா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லிக்கொள்வார்.

அவள் ரிசப்ஷனில் இல்லை. அந்த ஹோட்டலின் அடித்தளத்தில், படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் பிரிவில் இருந்தாள்.

கடையில் இருந்த இரண்டு மெஷின்களில் ஒன்றை விற்றுத்தான் அவளை ஹோட்டல் படிப்புப் படிக்க வைத்தார். வேலைக்குக் கிளம்பிய அன்று, "இந்த இஸ்திரிப்பெட்டிய நீ கையால தொடக் கூடாது பாப்பா. அதுக்குத்தான் இவ்வளவும்" என்று சொல்லி அனுப்பினார். போன இடத்தில் கிடைத்ததோ அதே வேலை. "அப்பாவுக்குத் தெரிஞ்சா அவர் முகத்துல எப்படிம்மா முழிப்பேன்?" என்று போனில் அழுதாள் மகள். அன்றிலிருந்து மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டதுபோல் அந்த ரகசியத்தைக் காத்து வருகிறாள் தாய்.

பயணம் நடக்கக் கூடாது. இந்த மனிதரைத் தடுக்கச் செலவைத் தவிர வேறு அணை கிடையாது.

"கடைய மூடினா வருமானம் போகுமே?"

"போகட்டும்."

அவள் திகைத்தாள். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை.

"இருக்கிற பணம் பத்தாதுங்க. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"மோதிரத்த வித்துட்டேன். பத்தும்."

விரல் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அடக்கிவைத்திருந்த கோபமெல்லாம் பொங்கி வந்தது.

"எல்லாம் எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? அந்தப் பெரிய ஹோட்டல்ல ஒரு நாளாவது தங்கணும். 'என் மக வேலை பார்க்கிற இடம்'னு போட்டோ எடுத்துட்டு வந்து நாலு பேர்கிட்ட காட்டணும். பெருமையடிச்சுக்கத்தானே இவ்வளவு துடிக்கிறீங்க?"

அவர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"அந்த ஹோட்டல் வேண்டாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஏதாவது லாட்ஜ் போதும்."

"ஏன்?"

"பாப்பா தேய்ச்சுப் போட்ட விரிப்புல படுத்தா எனக்குத் தூக்கம் வருமா?"

அவள் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது.

"உங்களுக்கு... யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? போன தடவ வந்தப்ப எனக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்தா. சட்டைக் கை மேல ஏறிச்சு." அவர் தம் சட்டைக் கையைச் சுருட்டி, முன்கையின் உட்புறத்தைக் காட்டினார். ஆவி சுட்ட தழும்புகள் வரிவரியாக இருந்தன. "இதே இடத்துல அவளுக்கும் இருக்கு. ரிசப்ஷன்ல நிக்கிறவளுக்கு இங்க சுடாது."

"தெரிஞ்சுமா கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் ரிசப்ஷன் ரிசப்ஷன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க?"

"அவ அப்படித்தானே சொன்னா. அவ வார்த்தைய நான் பொய்யாக்கலாமா?"

அவர் சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டார். சூடு ஆறும் இஸ்திரிப்பெட்டி மெல்ல முனகியது.

"தொடக் கூடாதுன்னு அன்னிக்கு நான் சொன்னேன் பாரு, அந்த ஒரு வார்த்தைதான் அவளைப் பொய் சொல்ல வச்சுது. நான் இத்தனை வருஷம் சோறு தின்ன தொழில அவகிட்ட நானே கேவலமாப் பேசிட்டேன். அத நேர்ல போய்த்தான் திருப்பி வாங்கணும். போன்ல வராது. அவ நம்ம கூட வந்தா, இங்கயே நம்ம கடையில, முதலாளியா நிக்கட்டும்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏற்றி எழுதியவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தாள். பஸ் கட்டணத்தையும் உள்ளபடி குறைத்து எழுதினாள்.

"சரி, போக ரெண்டு டிக்கெட்டு. வர ரெண்டு."

"வர மூணு போடு."

"அவ வரலைன்னா?"

சட்டையை மடித்து வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"வரலைன்னா அந்த சீட்டு காலியாவே வரட்டும்."