ஏழாவது அறை

காகம் கதை சொல்லும். கதைக்குள் தாங்கள் என்ன செய்கிறோம் என்பதை அணிலும் முயலும் ஆமையும் சொல்ல வேண்டும். அதுதான் ஆட்டம்.

"பாழடைஞ்ச மாளிகை. கதவு திறந்து கிடக்கு. என்ன செய்றீங்க?"

"உள்ளே பாயறேன்!" என்றது அணில். "நானும்!" என்றது முயல். ஆமை வாயைத் திறப்பதற்குள் காகம் அடுத்த அறைக்குப் போய்விட்டது. இப்படியே ஆறு அறைகள்.

ஏழாவதில்தான் காகத்துக்கு உறுத்தியது. "ஆமையண்ணே, நீங்க?"

"என்னை யாரு கேட்டா? நான் இன்னும் வாசல்லயேதான் நிக்கிறேன்."

அணிலுக்கு மயிர் சிலிர்த்தது. "அப்போ முதல் அறையிலேர்ந்து என் வாலைப் பிடிச்சுக்கிட்டு வர்றது யாரு? நீங்கன்னுல்ல நெனச்சேன்!"

கதை சொன்ன காகமோ வாலைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.