தங்கை பங்குக் காற்று

ஒரே விசிறியை நம்பி இரண்டு பேர் புகையை இழுத்தால் என்ன ஆகும், சொல்லுங்கள் பார்ப்போம்?

ஒரு ஓட்டல் சமையலறையில் இரண்டு புகைக்கூண்டுகள் இருந்தன. தோசைக்கல்லுக்கு மேலே அக்கா, பிரியாணி அடுப்புக்கு மேலே தங்கை. இரண்டுக்கும் ஒரே குழாய், அதன் முனையில் ஒரே விசிறி. அக்கா விசிறிக்குப் பக்கத்தில், தங்கை தூரத்தில். காற்றைக் கூட்டிக் குறைக்க இரண்டின் கழுத்திலும் ஒரு தகடு உண்டு. அக்கா அதை அகலத் திறந்தே வைத்திருக்கும்.

தங்கையின் அடுப்படியில் எப்போதும் புகை மண்டும். "இந்தச் சோம்பேறியை இன்றைக்கே கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுங்கப்பா" என்று மாஸ்டர் இருமிக்கொண்டே சொல்லிவிட்டார்.

அதற்குமுன் அளந்து பார்க்கக் காற்றளக்கும் கருவி வந்தது. அக்காவிடம் அதன் குட்டிச் சக்கரம் பறந்தது. தங்கையிடம் அசையவே இல்லை.

"என்னடி, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டது கருவி.

"நானும் நாள் முழுக்க இழுக்கிறேன். ஒன்றும் வரமாட்டேங்குது" என்றது தங்கை அலுப்போடு.

"எப்படி வரும்? விசிறியோட பலமெல்லாம் உங்க அக்காகிட்டயே தீர்ந்துபோகுதே!"

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "கலங்காதேடி. இனிமேல் உன் பங்கையும் சேர்த்து நானே இழுத்துவிடுகிறேன்."

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்க்கா" என்றது தங்கை. "உன் தகட்டை மட்டும் கொஞ்சம் சாத்திக்கோயேன்."