பெட்டி பேசவில்லை

காலையிலிருந்தே ராஜேஷுக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்துகூட வரவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க ஃபோர்மேன் வெங்கடேசனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பதினாறு வருஷமாக அந்த ஜவ்வரிசி மில்லில் எந்த மிஷின் முனகினாலும் முதலாளி காசிநாதன் கூப்பிட்டது 'வெங்கடேசா' என்றுதான். கல்வராயன் மலையிலிருந்து ராஜேஷ் எலக்ட்ரீஷியனாக வந்து இரண்டே வருஷம், அது 'ராஜேஷு' ஆகிவிட்டது. டீ சொல்லும்போதுகூட "ராஜேஷுக்குச் சக்கரை கம்மி" என்று ஞாபகமாகச் சொல்வார் முதலாளி. சர்க்கரை வியாதி இருந்தது வெங்கடேசனுக்கு.

மேனேஜர் நாற்காலி நான்கு மாதமாகக் காலி. ராஜேஷ் புதிதாக மாட்டியிருக்கும் கேட்வே பெட்டி மட்டும் வேலை செய்துவிட்டால் அதில் ராஜேஷ்தான் உட்காருவான் என்று வெங்கடேசன் முடிவே கட்டிவிட்டார்.

மிஷின்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது 'கேன் லைன்' என்கிற இரட்டை ஒயரில். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கோ ஈதர்நெட்தான் தெரியும். நடுவில் இருந்து இதன் பேச்சை அதற்குப் புரியவைப்பது பெட்டியின் வேலை.

நேற்று ராஜேஷே வெங்கடேசனைக் கூட்டிப்போய் ஒன்றுவிடாமல் காட்டினான்.

"லைனுக்கு ரெண்டு முனையிலயும் இந்த குட்டி ரெசிஸ்டர் இருக்கணும்ணா. அப்பதான் மீட்டர்ல அறுவது ஓம் காட்டும். ஒண்ண கழட்டிட்டா நூத்தி இருவது. பொட்டிக்கு ஒண்ணும் புரியாது."

அதில் ஒன்று இப்போது வெங்கடேசனின் சட்டைப் பையில் இருந்தது.

மூன்று மணிக்கு முதலாளி வந்தார். "இன்னா ராஜேஷு, பேசுதா?"

"இல்லீங்க மொதலாளி. காலைலேர்ந்து பாத்துக்கினுதான் இருக்கேன்."

ராஜேஷ் ஒயரில் மீட்டரை வைத்தான். நூற்றிருபது. வெங்கடேசனுக்குத் திக்கென்றது.

ராஜேஷ் தலையைச் சொறிந்துவிட்டு மீட்டரை அணைத்தான். "இன்னா கோளாறுன்னே தெரியலீங்க."

நேற்று அவ்வளவு பாடம் எடுத்தவனுக்கு இன்றைக்கு மறந்துவிட்டதே என்று வெங்கடேசன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேனே மொதலாளி. இதெல்லாம் நம்ம மில்லுக்கு ஒத்து வராது."

"சரி, கழட்டிடு அத." முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "உனக்குதான் நஷ்டம் வெங்கடேசா."

"எனக்கா?"

"சங்கராபுரத்துல ஒரு மில்லு வாங்கிக்கினு இருக்கேன் இல்ல? அங்கயும் ஒரு பொட்டிய மாட்டிட்டா நீ இங்க கம்ப்யூட்டர் முன்னால ஒக்காந்துக்கினே ரெண்டையும் பாத்துக்கலாம். உன்னதான் மேனேஜரா போடலாம்னு இருந்தேன். போன மாசமே ராஜேஷ்கிட்ட சொன்னேன், உன்கிட்ட சொல்ல வேணாம்னு."

வெங்கடேசனின் கை சட்டைப் பைக்குப் போனது. "இப்ப... இன்னா பண்ணப் போறீங்க?"

"பொட்டி இல்லன்னா அங்க நேர்ல ஒரு ஆளு ஒக்காரணும். காதாலயே மிஷின பாக்கற ஆளு நீ, உன்ன இங்கத்து மிஷின் பக்கத்துலேர்ந்து கெளப்ப முடியாது. ராஜேஷு, திங்கக்கெழமலேர்ந்து நீதான் அங்க மேனேஜர்."

முதலாளியின் கார் கேட்டைத் தாண்டும்வரை வெங்கடேசன் நின்ற இடத்திலேயே நின்றார். அந்தச் சங்கராபுரத்து நாற்காலி அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது.

ராஜேஷ் நெட் கேபிளை நிதானமாகச் சுருட்டி வைத்தான். முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்து, உள்ளங்கையை நீட்டினான்.

"அந்த ரெசிஸ்டர குடுங்கணா, சங்கராபுரத்துல தேவப்படும்."