கடைசி வரிசைக் கேள்விகள்

"நெருப்பு எங்கே மூட்டுவீங்க?" கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மா கேட்டார்.

பிள்ளைகளின் மலை முகாமுக்கான பெற்றோர் கூட்டம் முடிகிற நேரம். முகாம் மாஸ்டர் சுவரிலிருந்த மலை வரைபடத்தைக் காட்டினார். "ஓடைக்கரைப் பாறை மேல மட்டும்தாம்மா. புல்வெளியில தீக்குச்சிகூட உரச மாட்டோம்."

"பசங்க வெளிக்குப் போறது?"

"ஓடையை விட்டுத் தள்ளிக் குழி வெட்டுவோம். கிளம்பறப்ப மூடிடுவோம்."

"குப்பை?"

"அவங்கவங்க பையிலேயே திரும்பி வந்துடும்."

"அந்தப் பக்கம் மாடு மேயுதாமே?"

"பயப்படாதீங்கம்மா. மாடு கிட்ட யாரும் போகாம நான் பாத்துக்கறேன்."

மற்றவர்கள் நெளிந்தார்கள். பெற்ற வயிறு, கேட்கத்தான் செய்யும் என்று மாஸ்டர் பொறுத்துக்கொண்டார். இவ்வளவு பேசி என்ன? மலையில் முகாம் போடக் கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். மிச்சம் இந்தப் புல்வெளிதான். அதன் சொந்தக்காரரும் யோசித்துச் சொல்வதாக ஆள் மூலம் சொல்லியனுப்பியதோடு சரி.

கூட்டம் கலைந்ததும் அந்த அம்மா மேசையருகே வந்தார்.

"உங்க பிள்ளை யாரும்மா?"

"என் பிள்ளை யாரும் வரல. இடம் கேக்கறப்ப எல்லாரும் தேனாத்தான் பேசுவாங்க. பெத்தவங்ககிட்ட என்ன சொல்றீங்கன்னு கேக்க வந்தேன்." கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "எங்க புல்வெளிக் கதவோட சாவி."

மாஸ்டர் சாவியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். வராந்தாவில் காத்திருந்த பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அந்த அம்மா அது அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

"கத்தறதை இங்கேயே முடிச்சுட்டு வரச் சொல்லுங்க சார். என் மாடு ரெண்டு சினையா இருக்கு."