எடுக்காத போன்

"மறுபடியும் எடுக்கல."

நர்ஸ் போனை வைத்தாள். பள்ளிக்கூடத்து நோயறையில் இரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி, ஒரு மேசை. அவ்வளவுதான். ஜன்னலோரக் கட்டிலில் மூன்றாம் வகுப்புச் சிறுமி சுருண்டு கிடந்தாள். தெர்மாமீட்டரில் நூற்றிரண்டு.

"எத்தனாவது தடவை?" கதவில் சாய்ந்தபடி கேட்டாள் வகுப்பு டீச்சர்.

"ஆறு."

"அறுபது தடவை போட்டாலும் அப்படித்தான். பெற்றோர் கூட்டத்துக்கே எட்டிப் பார்க்காத அம்மா. அப்பா நம்பர் இல்லையா?"

"கார்டுல அந்தக் கட்டம் காலி. ஒரே ஒரு நம்பர்தான் இருக்கு."

பெற்றோர் சொல்லாமல் ஒரு மாத்திரை கொடுக்கக் கூடாது. பிள்ளையை வாசல் தாண்டி அனுப்பவும் கூடாது. அது பள்ளிக்கூடத்துச் சட்டம். நர்ஸிடம் மிச்சமிருந்தது ஈரத்துணி மட்டுமே.

"அம்மா எங்க வேலை பார்க்கிறாங்க கண்ணு?"

சிறுமி தெரியாது என்று தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வகுப்புல இவளுக்குப் பேரே வாயாடிதான். இன்னிக்குப் பாருங்க, வாயைத் தைச்சு வெச்ச மாதிரி இருக்கா," என்றாள் டீச்சர்.

பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் மறுபடி போட்டாள். இரண்டு முறை மணி அடித்து, பட்டென்று நின்றது.

"கட் பண்றாங்க!"

"நான் சொல்லல? பள்ளிக்கூடத்து நம்பர்னு தெரிஞ்சுதான் கட் பண்றா. இவளுக்கெல்லாம் பிள்ளை ஒரு கேடு."

"மெதுவா பேசுங்க டீச்சர், குழந்தை முழிச்சிருக்கு."

அடுத்த முறை கட். அதற்கடுத்த முறையும் கட். அதற்கு மேல் போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. எத்தனை முறை கேட்டாலும் அதே மரியாதையோடு சொன்னது.

ஆயாவை வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"பூட்டு தொங்குது சிஸ்டர். பக்கத்து வீட்டுலயும் ஆளில்ல."

இரண்டரைக்கு நூற்றி நாலு. சிறுமியின் உதடு வெடித்திருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள்; ஆனால் பார்வை எங்கேயோ நின்றது.

நர்ஸ் தலைமை ஆசிரியருக்குப் பேசினாள்.

"இன்னும் அரை மணி பாருங்க சிஸ்டர். யாரைக் கேட்டுக் கூட்டிட்டுப் போனீங்கன்னு நாளைக்கு அதே அம்மாதான் வந்து சண்டைக்கு நிப்பாங்க."

அரை மணி பார்த்தாள். துணியை நனைத்துப் பிழிந்து நெற்றியில் போட்டாள். போட்ட கொஞ்ச நேரத்திலேயே துணி சூடேறியது. மூன்று மணிக்கு, யாரையும் கேட்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் கடைசி மணி அடித்துவிட்டது.

டீச்சர் ஒரு பெண்ணைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். "இதோ, மகாராணி வந்துட்டாங்க! தினம் போல ஒண்ணும் நடக்காத மாதிரி கேட்டுல நின்னுட்டிருக்காங்க."

அவள் காதில் எதுவும் விழவில்லை. கட்டிலைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பிள்ளையை அள்ளினாள். "ஐயோ, கொதிக்குதே! காலையில நல்லாத்தானே விட்டுட்டுப் போனேன்! எப்பலேர்ந்து சிஸ்டர்?"

"பத்தரையிலேர்ந்து." நாள் முழுக்க அடக்கியதெல்லாம் நர்ஸின் குரலில் வந்தது. "பதினொரு தடவை போன் பண்ணியிருக்கேன்மா. கட் பண்ணிக் கட் பண்ணிக் கடைசியில அணைச்சே வெச்சுட்டீங்க. பெத்தவதானே நீங்க?"

"எனக்கா? எனக்குப் போனே வரலியே!"

"பொய் சொல்லாதீங்க."

அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். காலையிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை.

"இந்த வேலையில சேர்ந்ததே இதுக்குத்தான் சிஸ்டர். நாள் முழுக்க நின்னுக்கிட்டே துணி தேய்க்கிற வேலை, கால் வீங்கிப் போகுது. ஆனா போனைக் கூடவே வெச்சுக்கலாம், பிள்ளைக்கு ஒண்ணுன்னா கேட்காமலே கிளம்பலாம்னு முதலாளியம்மா சொன்னாங்க. அதுக்காகத்தான் சேர்ந்தேன்."

நர்ஸ் கார்டை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். "அப்ப இது யாரோட நம்பர்? போன மாசம் சரிபார்க்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினோம். கையெழுத்து உங்களோடதுதானே?"

"என்னோடதுதான்." அவள் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். கடைசியில் விரல் நின்றது. "இங்க ஒண்ணுல்ல வரணும்? ஏழுன்னு இருக்கே."

நர்ஸ் கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நீல மையில் எழுதிய ஒன்று. அதன் தலையில், பென்சிலால் ஒரு சின்னக் கோடு.

மூன்று பேரும் சிறுமியைப் பார்த்தார்கள்.

வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. சிறுமி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவள் காதுக்குள் சொன்னாள்.

"போன வருஷம் இருந்த சிஸ்டர் கூப்பிட்டு நீ ஓடி வந்ததாலதானே உன்னை வேலையை விட்டு நிறுத்துனாங்க... அன்னிக்கு எனக்கு வயித்துவலி கொஞ்சூண்டுதான்மா."