வண்டி நிறத்தில் ஒரு ஜாக்கி

உயரம் ஏற்றிய வேனை வாங்கியதிலிருந்து அத்தான் மச்சானுக்குப் பாடம் எடுக்காத நாளே இல்லை.

“கேட்டுக்கோ மச்சான். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போறவன் அடிமுட்டாள். ஸ்டாண்டு வச்சு முட்டுக் கொடுக்கணும்.”

“சரி அத்தான்.”

“ஜாக்கியைப் பின்கதவுல வெளியே மாட்டணும். பார்க்கிறவன் மிரளணும்!”

“அதான் அத்தான், நேத்து அதுக்கும் வண்டி கலர்லயே பெயின்ட் அடிச்சுட்டேன்.”

“பலே! கைப்பிடிக்குமா?”

“முழுசா. தண்டுப் பல்லுல மாட்டி வண்டியைத் தாங்குற ஆணியைக்கூட விடலை.”

அத்தானுக்குச் சட்டென உறைத்தது. பெயின்ட் ஒட்டிய ஆணி பல்லில் சரியாக மாட்டாது. எந்த நொடியும் நழுவும்.

“மச்சான்... வண்டியைத் தொடாதே. என் காலைப் பிடிச்சு மெதுவா வெளியே இழு.”

வேனுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கால்களை மச்சான் பிடித்தான். ஸ்டாண்டுகள் சுவரோரம், பிரிக்காத பெட்டியில் பத்திரமாக இருந்தன.

‘டிக்’ என்றது ஜாக்கி.