நாற்பது காலடி

பூங்காப் புல்லைக் காப்பாற்ற, மாநகராட்சி ஒவ்வொருவருக்கும் மாதம் நாற்பது காலடிதான் ஒதுக்கியிருக்கிறது. எஸ்தரிடம் காதலைச் சொல்ல, மாலை வகுப்புக்கு முன் பூங்கா நடுவே உதிர்ந்திருந்த நாகலிங்கப் பூவை எடுக்கப் போனேன். நேற்று வேலிக்கு வெளியே அதே தூரத்தை இருமுறை நடந்து அளந்தேன். போக இருபது, வர இருபது. இன்று பதற்றத்தில் என் அடிகள் குட்டையாகிவிட்டன போலும், பூவை எடுத்தபோதே நாற்பதும் தீர்ந்துவிட்டது.

"தம்பி, இன்னொரு அடி வச்சா ஒரு வருஷம் இந்தப் பக்கமே வர முடியாது" என்றார் காவலாளி.

வேறு வழியில்லாமல், வேலிக்கு அப்பால் நின்ற எஸ்தரிடம் சொல்ல வந்ததை அங்கிருந்தே கத்திச் சொன்னேன். பூங்காவே திரும்பிப் பார்த்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக என்னிடம் நடந்து வந்தாள்.

"திரும்பிப் போக அடி மிச்சம் வச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"எண்ணவே இல்ல. ஒண்ணாந்தேதிக்கு இன்னும் மூணு நாள்தானே, உட்காரு."